ஒரு மெட்டா வரி போட்டால் உடைந்த தமிழ் சரியாகுமா?

"இணையப் பக்கத்தில் தமிழ் உடைந்து தெரிந்தால், மெட்டா டேக்கில் சார்செட் யூடிஎஃப்-8 என்று போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றொரு குறிப்பு சுற்றி வருகிறது. அது பாதிதான் உண்மை. மெட்டா டேக் என்பது பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதும் ஒரு தகவல் வரி. சார்செட் என்பது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை; யூடிஎஃப்-8 தமிழையும் சேமிக்கவல்ல அப்படியொரு முறை.

அந்த வரி எதையும் மாற்றாது. 'இந்த பைட்டுகளை (சேமித்த எண்களை) இப்படிப் படி' என்று பிரவுசரிடம் சொல்லும், அவ்வளவுதான். அதுவும் ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். சர்வர், பக்கத்தோடு அனுப்பும் எச்டிடிபி ஹெடர் என்ற தகவல் பகுதியில் வேறு சார்செட் சொன்னால் ஹெடர் பேச்சுதான் செல்லும். பலர் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான்.

'அ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். யூடிஎஃப்-8இல் அது 224, 174, 133 என மூன்று பைட். இதையே மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ்-1252 என்ற சார்செட்டில் படித்தால் தலையில் கோடு போட்ட இலத்தீன் எழுத்து ஒன்று, வட்டத்துக்குள் ஒரு எழுத்து, முப்புள்ளி என மூன்று குறிகள் வரும். இங்கே பைட்டுகள் பத்திரமாக உள்ளன. படிக்கும் முறையைத் திருத்தினால் தமிழ் திரும்பிவிடும். சுற்றும் குறிப்பு பலிப்பது இந்த இடத்தில் மட்டுமே.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் எழுத்துரு இல்லாத கோளாறு, என்கோடிங்குக்கு, அதாவது எழுத்தை எண்ணாக்கும் முறைக்கு, சம்பந்தமில்லை.

வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால் டேட்டாபேஸைத் திறந்து பாருங்கள். டேபிள், தமிழுக்கு இடமில்லாத லத்தீன்-1 சார்செட்டில் இருந்தால், சேமிக்கும்போதே ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியைக் குறிக்கும் 63 என்ற ஒரே பைட்டாகிவிடக்கூடும். அப்படி ஆகியிருந்தால் மூலம் போயே போய்விட்டது. எந்த மெட்டா வரியாலும் மீட்க முடியாது. பழைய பேக்கப்பைத்தான் தேட வேண்டும்.