லைம் நோய் டெஸ்ட்: எதற்கு, யாருக்கு, எப்போது?

உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய்க்கான ரத்த ஆன்டிபாடி பரிசோதனையை நம்பலாமா என்ற கேள்வி பெங்களூர்த் தமிழர்களிடையே அவ்வப்போது எழுகிறது. பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், போய் வருகிறோம், உண்ணிக்கடி பற்றிய பயமும் பெட்டியோடு சேர்ந்து வந்துவிடுகிறது. இந்த ஊர் ஆய்வகங்களில் சீரம் பிரித்தே காலம் தள்ளியவன் என்ற முறையில் என் கருத்து இதுதான்: பரிசோதனை அவ்வளவு மோசமானதல்ல, யாருக்கு, எந்த வாரத்தில் செய்கிறோம் என்று பாராமல் எழுதித் தள்ளுகிறோமே, அதுதான் மோசம்.

இந்த நோயை உண்டாக்கும் பொரீலியா என்ற சுருள்வடிவ பாக்டீரியாவை இந்தப் பரிசோதனை தேடுவதே இல்லை. அதற்கு எதிராக நம் உடல் உருவாக்கும் ஆன்டிபாடியைத்தான் தேடுகிறது. அந்த ஆன்டிபாடி அளவிடும் நிலைக்கு வருவதற்குச் சில வாரங்கள் ஆகும். ஆனால் கடித்த இடத்தைச் சுற்றி நாளுக்கு நாள் விரிந்துகொண்டே போகும் சிவந்த தடிப்பு அதற்கு முன்பே தோன்றிவிடும். நோயாளிகளில் 70 முதல் 80 சதவீதம் பேருக்கு அது வருகிறது. தடிப்பு தெரியும் அந்த நாட்களில் ரத்தம் எடுத்தால் பாதிப் பேருக்கு மேல் நெகட்டிவ் என்றே வரும். மாசசூசெட்ஸிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு பையனுக்கு முழங்காலுக்குப் பின்னால் இப்படியொரு தடிப்பு. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப்போய், நெகட்டிவ் என்று ரிப்போர்ட் அனுப்பிவிட்டார்கள். அவன் அப்பா நிம்மதியாக என்னிடம் அதைக் காட்டியபோது, ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு, காலில் உள்ள தடிப்பை டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். நோய் பரவியுள்ள பகுதியிலிருந்து வந்தவருக்கு அந்தத் தடிப்பு இருந்தால், ரத்த முடிவுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்குவதே முறை. சீக்கிரமே மருந்து கொடுத்துவிட்டால் ஆன்டிபாடி பின்னர் உருவாகாமலே போகவும் கூடும்.

மூட்டு வீக்கத்தோடு மாதக்கணக்கில் கழித்து வருபவரிடம் இதே பரிசோதனை ஏறக்குறையத் தவறுவதே இல்லை. 1970களில் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற ஊரில் சிறுவர்கள் பலருக்கு ஒரே சமயத்தில் மூட்டு வீங்கியதை ஆராயப் போய்த்தான் இந்த நோயே அடையாளம் காணப்பட்டது.

பெங்களூரில் நான் அதிகம் அஞ்சுவது பொய் பாசிட்டிவைத்தான். இந்திராநகரை விட்டு நகராத ஆயிரம் பேருக்கு எலைசா, அதாவது முதல் படி ஆன்டிபாடி பரிசோதனை, செய்வதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் ஒருவருக்கு உண்மையிலேயே நோய் இருக்கிறது என்றும், நோயில்லாத நூறு பேரில் ஐவருக்குச் சோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டும் என்றும் கொண்டால், கையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாசிட்டிவ் ரிப்போர்ட்டுகள் இருக்கும். அவற்றில் உண்மையானது ஒன்றே ஒன்று. சிஃபிலிஸ், லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல், லூபஸ், முடக்குவாதம் எனப் பலவும் இந்த எலைசாவை ஏமாற்றக் கூடியவை. மழைக்காலத்தில் லெப்டோவுக்கு இங்கே பஞ்சமில்லை. இதனால்தான் முதல் சோதனை பாசிட்டிவ் ஆனாலோ சந்தேகமாக இருந்தாலோ ஆன்டிபாடிகளைத் தனித்தனிக் கோடுகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் என்ற இரண்டாம் சோதனையைச் செய்ய வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1995இல் விதி வகுத்தது. தாமதமாக உருவாகி நீடிக்கும் ஐஜிஜி வகை ஆன்டிபாடி என்றால் பத்துக் கோடுகளில் குறைந்தது ஐந்து தெரிய வேண்டும். முதலில் உருவாகும் ஐஜிஎம் வகை என்றால் மூன்றில் குறைந்தது இரண்டு. அறிகுறி தொடங்கி ஒரு மாதம் கடந்துவிட்டால் ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ் என்பதைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது. 2019 முதல் பிளாட்டுக்குப் பதிலாக இரண்டாவது எலைசா வகைச் சோதனையும் அங்கே அனுமதிக்கப்பட்டிருக்கிறது. நம்மூரிலோ முதல் படியோடு நின்றுவிட்டு, தடித்த எழுத்தில் பாசிட்டிவ் என்று அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வைடால் டெஸ்டை மட்டும் நம்பி டைஃபாய்டு என்று தீர்ப்பளித்துப் பழகிய ஊரல்லவா!

நாகரஹொளே, பந்திப்பூர் காட்டுப் பகுதி மக்களிடம் இந்த ஆன்டிபாடி காணப்பட்டதாக ஆய்வு வந்திருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். வந்திருக்கிறது; அங்கே வேலை செய்பவருக்கு முகவாதமோ கண் அழற்சியோ வந்தால் லைமையும் நினைத்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஆன்டிபாடி இருப்பது வேறு, இப்போது நோய் இருப்பது வேறு. காட்டோரம் போய் வந்த பிறகு காய்ச்சல் கண்டால் இங்கே முதலில் நினைக்க வேண்டியது ஸ்க்ரப் டைஃபஸ், மலநாட்டுப் பக்கம் என்றால் குரங்குக் காய்ச்சல். இவற்றை விட்டுவிட்டு லைமைத் துரத்துவது ஆபத்து.

சிகிச்சை முடிந்த பிறகு நோய் போய்விட்டதா என்று பார்ப்பதற்காக மறுபடியும் இதே பரிசோதனையைச் செய்துகொள்பவர்களும் உண்டு. கிருமி ஒழிந்த பின்னும் ஆன்டிபாடி ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் தங்கியிருக்கும் என்பதால், அந்தப் பாசிட்டிவை வைத்து இன்னொரு சுற்று ஆன்டிபயாட்டிக் எழுதுவதற்கு எந்த நியாயமும் இல்லை.