செல்போன் இருக்கையில் ஹாம் எதற்கு?

"கையில் செல்போன் இருக்கும்போது ஹாம் ரேடியோவுக்கு என்ன வேலை?" என்று ஒரு கட்டுரையில் கேட்டிருந்தார்கள். ஹாம் என்றால், உரிமம் வாங்கி, சொந்த ரேடியோ கருவியிலேயே பொழுதுபோக்காக ஊர் உலகத்தோடு பேசுவது. எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே 2004 சுனாமியால்தான். அந்தமானில் தொலைபேசி செத்துக் கிடந்தபோது, வேறு வேலையாக போர்ட் பிளேருக்குப் போயிருந்த ஹாம் குழுதான் உறவினர்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தது.

உரிமத் தேர்வெழுதி, வியூ3 என்று தொடங்கும் அழைப்புக்குறி (காற்றலையில் என் பெயர் மாதிரி) கைக்கு வரப் பல மாதம் ஆயிற்று (கேட்க வேண்டுமா!). மொட்டை மாடியில் பக்கத்துக்கு 33 அடியாக, 40 மீட்டர் அலைவரிசைக்கு டைபோல் என்ற கம்பி ஆன்டெனா கட்டினேன். மறுநாளே அம்மா அதில் போர்வை காயப்போட்டுவிட்டார். சாயந்தரமானால் பக்கத்து வீட்டு எல்இடி பல்பு வேறு ரேடியோவில் புகுந்து காதில் கொர்ரென்று இரையும்.

ஒரு விடியற்காலையில், வெறும் 5 வாட் சக்தியில் நான் கூப்பிட்டதற்கு, இலங்கையிலிருந்து ஒருவர் என் அழைப்புக்குறியைத் திருப்பிச் சொல்லி, "வணக்கம் தம்பி, நல்லாக் கேக்குது" என்றார். கை நடுங்கியதில் லாக் புத்தகத்தில் (பேசியதைக் குறித்துவைக்கும் நோட்டு) நேரத்தையே தப்பாக எழுதிவிட்டேன்.

அடுத்த கட்டமான ஜெனரல் கிரேடு உரிமத்துக்கு அப்போது மோர்ஸ், அதாவது 'டிட்', 'டா' ஒலிகளாலான தந்தி மொழி, நிமிடத்துக்கு 8 சொல் வேண்டும். பஸ்ஸில் போகும்போது கடைப் பெயர்ப்பலகைகளை 'டா டிட் டா டிட்' என்று முணுமுணுத்தே பழகினேன். கண்டக்டர் ஒரு மாதிரிதான் பார்ப்பார்.