இன்னொருவர் போடும் கணக்கு

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில், ஓவன் ரோடு சந்திப்பில், லியான் யாக் பில்டிங் என்று ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. கீழே வங்கி, மேல்மாடிகளில் ஹோட்டல் நியூ வேர்ல்டு. 1986 மார்ச் 15 அன்று பகலில், ஒரு நிமிடத்துக்குள் மொத்தமும் இடிந்து விழுந்தது. 33 பேர் இறந்தார்கள். இடிபாடுகளுக்குள்ளிருந்து 17 பேரை உயிரோடு மீட்டார்கள். எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தவர்களும் ஓடி வந்து அந்த மீட்பு வேலையில் இறங்கினார்கள்.

கேஸ் கசிந்து வெடித்ததா, சுரங்க வேலையால் வந்ததா என்றெல்லாம் முதலில் சந்தேகப்பட்டார்கள். விசாரணையில் தெரிய வந்தது வேறு. அந்தக் கட்டடத்தின் சொந்த எடையையே டிசைனில் சேர்க்கவில்லை. டெட் லோடு என்று நாங்கள் சொல்லும் அந்தச் சொந்த எடை முழுவதும் விட்டுப்போயிருந்தது.

கட்டடப் பொறியியல் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தவறு என்று சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,500 கிலோ. 15 சென்டிமீட்டர் கனமுள்ள ஸ்லாப் என்றால் சதுர மீட்டருக்கு 375 கிலோ வரும். ஆட்கள், கட்டில், பீரோ எல்லாவற்றுக்கும் சேர்த்து, லைவ் லோடு என்று வீடுகளுக்கு நாங்கள் எடுத்துக்கொள்வது சதுர மீட்டருக்கு 200 கிலோ போல. சொந்த எடையை விட்டுவிட்டால், எடுத்துக்கொண்ட சுமையைவிட விட்டுப்போனதுதான் அதிகம். சுவர், பூச்சு, டைல்ஸ் எல்லாம் இதற்கு மேல். 1971-ல் கட்டியது அத்தனை வருடம் நின்றதே ஆச்சரியம்தான்.

பொறியியல் மாணவர் ஒருவர் தனியாக உட்கார்ந்து ஒரே ஒரு தூணுக்குச் சுமைக் கணக்கு போட்டிருந்தாலும் இது பிடிபட்டிருக்கும். ஆனால் சம்பந்தமில்லாத இன்னொரு பொறியாளர் முதலிலிருந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் அன்றைக்கு அங்கே இல்லை.

அந்த விபத்துக்கு அப்புறம், 1989-ல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. டிசைன் செய்கிற பொறியாளரைத் தவிர, அங்கீகரிக்கப்பட்ட சரிபார்ப்பாளர் ஒருவரையும் கட்டட உரிமையாளர் நியமிக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் சரிபார்ப்பாளருக்குப் பணத் தொடர்போ தொழில் தொடர்போ இருக்கக் கூடாது. தூண், பீம் போன்ற முக்கியமான உறுப்புகளுக்கு அவர் தானே கணக்குப் போட்டுப் பார்த்துச் சான்று தர வேண்டும். ‘தானே’ என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. டிசைனரின் கம்ப்யூட்டர் மாடல் ஃபைலை வாங்கித் திறந்து, எல்லாம் பச்சையாகக் காட்டுகிறது என்று ஓகே சொல்வது, பக்கத்துப் பையனின் விடைத்தாளைப் பார்த்து எழுதிவிட்டு ‘இரண்டு பேருக்கும் ஒரே விடை’ என்பது மாதிரி. சுமை விட்டுப்போன மாடலை எத்தனை முறை ஓட்டினாலும் சாஃப்ட்வேர் பாஸ் என்றுதான் சொல்லும்.

சரி, இரண்டாவது ஆள் என்று ஒருவர் இருந்துவிட்டால் போதுமா? போதாது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா இன்டர்நேஷனல் பல்கலைக்கழக நடைபாலம் 2018-ல், அதுவும் ஒரு மார்ச் 15 அன்று, கட்டுமானத்தின் நடுவிலேயே விழுந்தது. 6 பேர் இறந்தார்கள். அதில் 5 பேர் பாலத்துக்குக் கீழே வாகனங்களில் இருந்தவர்கள். விரிசல்கள் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் சாலையை மூடவில்லை. அந்தப் பாலத்தின் டிசைனுக்குத் தனிச் சரிபார்ப்பு நடந்திருந்தது! ஆனால் சரிபார்த்த நிறுவனத்தை வேலைக்கு எடுத்ததே டிசைன் செய்த நிறுவனம். முழுதாகக் கட்டி முடித்த பிறகு பாலம் எப்படி நிற்கும் என்று மட்டும் கணக்குப் பார்த்தார்கள். கட்டும்போது ஒவ்வொரு கட்டத்திலும் பாலம் எப்படி நிற்கும் என்று பார்க்கவில்லை. உறுப்புகள் சேருகிற கணுக்களையும் சோதிக்கவில்லை. பாலம் உடைந்தது அப்படியொரு கணுவில்தான். அந்த வகைப் பாலத்தைச் சரிபார்க்கத் தேவையான தகுதியே அவர்களிடம் இல்லை என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்னது.

இப்படித் தனிச் சரிபார்ப்பு வேண்டும் என்று நான் பேசும்போதெல்லாம் வருகிற முதல் பதில், ‘செலவு, தாமதம்’. தரைக்கு இத்தாலி மார்பிள் போடக் காசு இருக்கிறது, கணக்கைச் சரிபார்க்க இரண்டு வாரம் கொடுக்க மனம் வரவில்லை. ‘செக்கர் பார்த்துக்கொள்வார் என்று டிசைனர் அசட்டையாகிவிடுவார்’ என்பது இன்னொரு வாதம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. அதனால்தான் இருவருமே தனித்தனியாகச் சான்று கொடுக்க வேண்டும், தவறு நடந்தால் இருவருமே பதில் சொல்ல வேண்டும்.

சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 61 பேரை இழந்தவர்கள் நாம். இன்றைக்கும் மூன்று நான்கு மாடி வீடுகளுக்கு ஒரே ஒரு பொறியாளரின் கையெழுத்தோடு கம்பி கட்டத் தொடங்குவதை நான் பார்க்கிறேன். ஃப்ளாட் வாங்கப் போகிறவர்கள் சதுர அடி விலை, பார்க்கிங், தண்ணீர் எல்லாம் கேட்கிறீர்கள். கூடவே பில்டரிடம் இதையும் கேளுங்கள்: டிசைன் செய்தவரைத் தவிர யார் இதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தார், அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார், அந்தக் கணக்கின் நகல் எங்கே?