காசு மிச்சம் என்று கார் என்ஜினை விமானத்தில் ஏற்றாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் இருக்கும் லெனேசியாவில் எங்கள் தெருவில் இருக்கும் அங்கிள் ஒருவர் நான்கு வருடமாக ஒரு விமானம் கட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேர் உட்காரும் சின்ன அலுமினிய விமானம். சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். றெக்கை, வால் எல்லாவற்றையும் வீட்டு கராஜிலேயே ரிவெட் அடித்து முடித்தார். இப்போது அது ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே ஒரு புல்தரை விமானத் தளத்தின் ஹேங்கரில் நிற்கிறது. மூக்கில் இருப்பது சுபாரு காரின் 2.2 லிட்டர் என்ஜின். அதை ஏற்றியதில் என் கையும் உண்டு. எனக்குக் கார் மெக்கானிக் வேலையில் 22 வருடம், கோயம்புத்தூரில் ஒன்பது, மிச்சம் இங்கே.

நான் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். "அண்ணே, கார் என்ஜின் போட்டா கால்வாசி செலவுல முடிஞ்சிடும்ல?" என்று கேட்டான். போனில் சொல்லி முடியவில்லை. அவனை மாதிரி யோசிக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கார் என்ஜின் விமானத்துக்கு ஆகாது என்று சொல்பவன் இல்லை நான். அமெரிக்காவில் மின்னசோட்டா கிராமம் ஒன்றில் பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் 1920களின் கடைசியிலேயே ஃபோர்டு மாடல் ஏ காரின் 40 ஹெச்பி என்ஜினை வைத்துப் பறந்திருக்கிறார். அதற்குப் பிறகு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் என்ஜின் எத்தனையோ சின்ன விமானங்களைத் தூக்கியிருக்கிறது. இங்கே தென்னாப்பிரிக்காவிலேயே யூட்டன்ஹேக் தொழிற்சாலையில் 1951 முதல் 1979 வரை பீட்டில் கார் தயாரித்தார்கள். அந்த என்ஜினுக்கு உதிரி பாகம் தேடி இங்கே யாரும் அலைய வேண்டாம்.

ஆனால் பீட்டில் என்ஜின் ஏன் ஒத்துப்போனது என்று பார்க்க வேண்டும். அது காற்றால் குளிர்வது, தண்ணீர் இல்லை, ரேடியேட்டர் இல்லை. 3,000 ஆர்பிஎம்மிலேயே, அதாவது நிமிடத்துக்கு 3,000 சுற்றிலேயே, போதுமான சக்தி தருவதால் சின்ன புரொப்பல்லரை என்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டிலேயே நேராக மாட்டிவிடலாம். நடுவில் எதுவும் இல்லை. பிரச்சினை வர இடமும் குறைவு.

இன்றைய கார் என்ஜின் அப்படி இல்லை. எங்கள் சுபாரு முழுச் சக்தி கொடுப்பது 5,500 ஆர்பிஎம் பக்கத்தில். 1.8 மீட்டர் புரொப்பல்லரை 2,700 ஆர்பிஎம்மில் சுற்றினால் அதன் நுனி வினாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் போகும். அதையே 5,400-ல் சுற்றினால் 500 மீட்டரைத் தாண்டிவிடும். ஒலியின் வேகமே சுமார் 340 மீட்டர்தான். அதைத் தாண்டினால் புரொப்பல்லர் காற்றை இழுக்காது, சத்தம்தான் போடும். அதனால் சுற்றைப் பாதியாகக் குறைக்க நடுவில் ஒரு கியர்பாக்ஸ் வேண்டும். எங்களுக்குத் தலைவலி ஆரம்பித்தது அங்கேதான்.

நான்கு சிலிண்டர் என்ஜின் சீராகச் சுற்றுவதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை கிராங்க் ஷாஃப்டை உதைக்கிறது. காரில் அந்த உதையை கனமான ஃபிளைவீல், கிளட்ச் பிளேட் ஸ்பிரிங், நீண்ட ஷாஃப்டுகள், டயர் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளும். விமானத்தில் மறுமுனையில் இருப்பது கனமான புரொப்பல்லர், அது தன் வேகத்தை மாற்ற சம்மதிக்காது. நடுவில் மாட்டிக்கொண்ட கியர்பாக்ஸ்தான் அடி வாங்கும். ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னக் குழந்தையின் கை கூட அதை உயரத்துக்கு அனுப்பிவிடும் அல்லவா? அதே மாதிரி ஏதோ ஒரு சுற்று வேகத்தில் என்ஜினின் உதையும் ஷாஃப்டின் சொந்த அதிர்வும் ஒன்றாகச் சேரும். அங்கே முறுக்கு விசை பல மடங்காகும். எந்த இரும்பும் அதை ரொம்ப நேரம் தாங்காது.

நாங்கள் அதை நேரில் பார்த்தோம். விமானத்தைக் கயிற்றால் தரையில் கட்டிப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம், ஒன்பதாவது மணி நேரம். 1,200 ஆர்பிஎம் பக்கத்தில் மட்டும் கடகடவென்று ஒரு சத்தம் வரும், வேகம் கூட்டினால் போய்விடும். புது கியர்பாக்ஸ் பழக வேண்டும், அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். அன்று கருகின ரப்பர் வாசனை வந்தது. அணைத்துவிட்டுக் கழற்றினால், என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் கப்ளிங் பாதி கிழிந்து, உள்ளே தூளாகக் கிடக்கிறது. கியர்பாக்ஸ் விற்றவர் இந்த வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதித் தரவில்லை. அங்கிள் பேசுவது பெரும்பாலும் இங்கிலீஷ்தான். பாட்டியிடம் கற்றது ஏழெட்டுத் தமிழ்ச் சொல். கிழிந்த ரப்பரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "மெல்ல, தம்பி, மெல்ல" என்றார். அதற்குப் பிறகு கப்ளிங்கை மாற்றினோம், என்ஜின் சும்மா ஓடும் ஐடில் வேகத்தை மேலே ஏற்றினோம், அந்த வேகத்தில் ஒரு நிமிடம் கூட நிற்கக்கூடாது என்று பேனலில் சிவப்புக் கோடு போட்டோம். இது 300 மீட்டர் உயரத்தில் நடந்திருந்தால் என்ஜின் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்திருக்கும், அந்தச் சக்தி புரொப்பல்லருக்கு மட்டும் போய்ச் சேர்ந்திருக்காது.

பெரிய கம்பெனிகளுக்கே இது எளிதாக இல்லை. 1980களில் போர்ஷே தன் 911 காரின் என்ஜினை விமானத்துக்கு மாற்றி, சான்றிதழும் வாங்கி விற்றது. சில வருடத்தில் கைவிட்டுவிட்டது. ஜெர்மனியின் தீலர்ட், மெர்சிடிஸ் ஏ கிளாஸ் காரின் 1.7 லிட்டர் டீசல் என்ஜினை எடுத்து 2002-ல் சான்றிதழ் வாங்கியது. அருமையான என்ஜின், எரிபொருள் சிக்கனத்தில் பழைய விமான என்ஜின்கள் பக்கத்தில் வர முடியாது. ஆனால் தொடக்கத்தில் 300 மணி நேரத்துக்கு ஒருமுறை கியர்பாக்ஸைக் கழற்றி அனுப்ப வேண்டியிருந்தது. 2008-ல் அந்தக் கம்பெனி திவாலானது. அதே என்ஜின் இரண்டு பூட்டிய டயமண்ட் டிஏ42 விமானம் ஒன்று, 2007-ல் ஸ்பேயர் நகரில் கிளம்பியது. பேட்டரி இறங்கிப் போயிருந்ததால் வெளி மின்சாரம் கொடுத்து ஸ்டார்ட் செய்திருந்தார்கள். தரையை விட்டதும் சக்கரத்தை உள்ளே இழுத்தபோது வோல்டேஜ் ஒரு கணம் விழுந்தது. இரண்டு என்ஜின் கம்ப்யூட்டரும் ரீசெட் ஆகி, இரண்டு என்ஜினும் ஒன்றாக நின்றன. இரண்டிலும் இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை.

அந்தச் சம்பவத்தைப் படித்த அன்று எங்கள் வயரிங் முழுவதையும் பிய்த்துப் போட்டேன். கார் என்ஜினுக்குத் தீப்பொறியும் பெட்ரோல் பம்பும் பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. லைகமிங் மாதிரியான விமான என்ஜினில் இரண்டு மேக்னெட்டோ இருக்கும், ஒவ்வொன்றும் தன் தீப்பொறியைத் தானே உண்டாக்கும். பேட்டரியைக் கழற்றி வெளியே எறிந்தாலும் என்ஜின் ஓடும். லோட் ஷெட்டிங்கில் இத்தனை வருடம் வாழ்ந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. இப்போது எங்களிடம் இரண்டு பேட்டரி, இரண்டு பம்ப், இரண்டுக்கும் தனித்தனி வழி. பம்ப் ரிலே ஒன்று தரையிலேயே செத்துப் போனது, கடையில் வாங்கிய மலிவான ரிலே. பாக்கி எல்லாவற்றையும் அன்றே மாற்றினேன்.

லைகமிங்கை முதலில் பார்த்தபோது எனக்கு அதன் மேல் மரியாதை வரவில்லை. 5.2 லிட்டர் என்ஜின், 160 ஹெச்பி மட்டும். 1950களின் வடிவமைப்பு. பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவைக் கையால் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். ஒரு சாதாரண டர்போ காரில் 1.5 லிட்டரிலேயே கிட்டத்தட்ட அந்தச் சக்தி வந்துவிடுமே என்று தோன்றியது. இப்போது அதை வேறு மாதிரி பார்க்கிறேன். அவ்வளவு பெரிய என்ஜினை 2,700 ஆர்பிஎம்முக்கு மேல் விடாமல், கியர்பாக்ஸ் இல்லாமல், தண்ணீர் இல்லாமல் வைத்திருப்பது பழமையால் இல்லை. அறுந்துபோகக்கூடியதை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

சுமையையும் பாருங்கள். என்3 நெடுஞ்சாலையில் 120-ல் போகும்போது உங்கள் கார் தன் சக்தியில் மூன்றில் ஒரு பங்கைக் கூடத் தொடுவதில்லை. விமானம் பறக்கும் நேரம் முழுக்க முக்கால் சக்தியில் ஓடும். டர்பனிலிருந்து வரும்போது வான் ரீனன் கணவாயில் ஏறுவீர்களே, அந்த ஏற்றம் இரண்டு மணி நேரம் நீண்டால் எப்படி இருக்கும், அப்படி. "இந்த என்ஜின் காரில் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு" என்பதெல்லாம் இங்கே ஒரு சான்று ஆகாது.

அதோடு நாங்கள் இருப்பது ஹைவெல்ட் என்ற மேட்டு நிலத்தில், சுமார் 1,700 மீட்டர் உயரத்தில். காற்று மெலிந்திருப்பதால், டர்போ இல்லாத எந்த என்ஜினும் தரையிலேயே ஆறில் ஒரு பங்கு சக்தியை இழந்துதான் நிற்கிறது. ஜனவரி வெயிலில் இன்னும் மோசம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைக்கவில்லை என்றால் கதை முடிந்தது. ரேடியேட்டரைப் பெரிதாக வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தோம், ஆகவில்லை. உள்ளே வரும் காற்றை வேகம் குறைத்து, விரித்து, ரேடியேட்டர் முழுக்கப் பரப்பி, பிறகு வெளியே விட வேண்டும். அதற்கான தகரக் கூட்டை மட்டும் நான்கு தடவை செய்தோம்.

சரி, தண்ணீரும் கியர்பாக்ஸும் சேர்ந்து வேலை செய்யவே செய்யாதா? ராட்டக்ஸ் 912 என்ற சின்ன விமான என்ஜின் செய்கிறதே. 5,800 ஆர்பிஎம், கியர்பாக்ஸ், தண்ணீரால் குளிரும் சிலிண்டர் ஹெட், எல்லாம் இருக்கிறது. இன்று 2,000 மணி நேரம் வரை ஓவர்ஹால் இல்லாமல், அதாவது முழுதாகப் பிரித்துச் சரிசெய்யாமல், ஓட அனுமதி உண்டு. இங்கே ஜோகன்னஸ்பர்க்கில் கட்டும் ஸ்லிங் விமானங்களிலும் ராட்டக்ஸ்தான். ஆனால் அது முதல் நாளிலிருந்தே புரொப்பல்லருக்காக வரையப்பட்டது, அந்த 2,000 மணியும் ஒரே நாளில் வந்ததில்லை. நாமே ஒரு கார் என்ஜினை மாற்றும்போது அந்த வருடங்களை நம் கையால் கடக்க வேண்டும். அமெரிக்காவில் கார்வெய்ர் கார் என்ஜினைப் பறக்கவிட்டவர்களுக்கு கிராங்க் ஷாஃப்ட்கள் உடைந்தன. காரில் அந்த ஷாஃப்டை யாரும் வளைப்பதில்லை, விமானம் திரும்பும்போது புரொப்பல்லர் வளைக்கிறது. முன்னால் கூடுதலாக ஒரு பேரிங் வைத்துச் சரிசெய்தார்கள். அந்தப் பாடத்துக்கு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் வீட்டில் கட்டிய விமானங்களின் விபத்துகளை ஆராய்ந்தது. முன்னால் நின்றவை இரண்டு: காற்றில் கட்டுப்பாட்டை இழப்பது, என்ஜின் தொகுதிக் கோளாறு. அதிலும் கட்டி முடித்த புதிதில், முதல் சில பறப்புகளில் அதிகம்.

இப்போது காசுக்கு வருகிறேன் தம்பி. ஸ்கிராப் யார்டில் என்ஜின் 18,000 ராண்டு. பக்கியில் ஏற்றிக்கொண்டு வந்தோம், பக்கி என்றால் இங்கே பிக்கப் வண்டி. பிறகு கியர்பாக்ஸ், இரண்டு கப்ளிங், கம்ப்யூட்டர், ரேடியேட்டர், மவுண்ட், பம்ப், வயர். போன மாதம் அங்கிளின் நோட்டில் கூட்டிப் பார்த்தோம், 2,10,000 தாண்டிவிட்டது. புது லைகமிங்கை விட இன்னும் குறைவுதான். ஆனால் விமானம் பறக்க வேண்டிய இரண்டு வருடம் போய்விட்டது. பறக்கத்தான் ஆசை என்றால், ஓவர்ஹாலுக்கு இன்னும் மணி நேரம் மிச்சமுள்ள பழைய விமான என்ஜின் ஒன்றைத் தேடி வாங்கு. என்ஜினோடு மல்லுக்கட்டுவதுதான் உன் சந்தோஷம் என்றால் கார் என்ஜினைத் தொடு. அப்போதும் வேறு யாரோ நூற்றுக்கணக்கான மணி நேரம் பறந்து காட்டிய அதே என்ஜின், அதே கியர்பாக்ஸ், அதே புரொப்பல்லரை அப்படியே எடு. ஒன்றை மாற்றினாலும் அதிர்வுக் கணக்கு மாறிவிடும்.

எனக்கு அந்தச் சந்தோஷம் இருக்கிறது, அங்கிளுக்கும் இருக்கிறது. அதனால்தான் விடவில்லை. தரையில் 61 மணி நேரம் முடிந்திருக்கிறது. 100 ஆகாமல் கயிற்றை அவிழ்க்க மாட்டேன் என்று அங்கிள் சொல்லிவிட்டார். வருகிற சனிக்கிழமை மறுபடியும் கப்ளிங்கைக் கழற்றிப் பார்க்கிறோம்.