மூச்சை எண்ணச் சொல்லித் தரும் ஆசிரியர்

நர்சிங் மாணவர்கள் எழுதிய வைட்டல்ஸ் சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள். நாடி, பிரஷர், டெம்பரேச்சர் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். மூச்சு எண்ணிக்கை மட்டும் வார்டு முழுக்க நிமிடத்துக்கு 20 என்றே இருக்கும். மிஞ்சிப்போனால் 18, 22. காரணம், அதை யாரும் எண்ணுவதில்லை. நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு, நோயாளிக்குத் தெரியாமல் மார்பின் ஏற்ற இறக்கத்தை முழுசாக ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். ஒருவருக்கு உடம்பு மோசமாகத் தொடங்கும்போது, பல நேரம் பிரஷர் இறங்கும் முன்பே மூச்சு கூடிவிடும். அந்த எச்சரிக்கையைத்தான் 20 என்ற எண் மூடி மறைக்கிறது.

என்னைக் கேட்டால், வார்டில் நின்று கற்றுத் தரும் க்ளினிக்கல் டீச்சரை எடைபோட, சார்ட்டில் மூச்சு எண்ணிக்கை எழுதும் அந்தக் கட்டம் ஒன்றே போதும். நல்ல ஆசிரியர் கட்டிலருகே வந்து நிற்பார். "நீயும் எண்ணு, நானும் எண்ணுறேன்" என்பார். கணக்கு ஒத்துப்போகாவிட்டால் மறுபடி எண்ணுவார்கள். "எண்ணல மேடம்" என்று பயமில்லாமல் சொல்ல முடிகிற மாணவி பொய்க்கணக்கு எழுத மாட்டாள்.

நோயாளி முன்னால் திட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது. திட்டு வாங்கிய பெண் அடுத்து ஊசியோடு போனால், "இந்தப் பொண்ணு வேணாம், வேற சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்கிறார் நோயாளி. அதன்பிறகு அவள் கை நடுங்காமல் என்ன செய்யும்? கண்டிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொட்டாசியம் குளோரைடு மருந்தைக் கலந்து நீர்க்கச் செய்யாமல் நேரடியாக நரம்பில் ஏற்றப்போனால் அந்தக் கையை அந்த நொடியே பிடித்து நிறுத்த வேண்டும். இதயமே நின்றுவிடக்கூடிய விஷயம் அது. நிறுத்திவிட்டு, ஏன் என்பதை டியூட்டி ரூமில் உட்கார்த்தி விளக்கலாம்.

இன்னொரு சிக்கல், கல்லூரியில் படித்தது ஒன்று, வார்டில் நடப்பது வேறு. பல இடங்களில் கல்லூரி ஆசிரியர் வார்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துபோகிறார். வேலூர் சிஎம்சியில், 1946-லேயே பி.எஸ்சி. நர்சிங் தொடங்கிய இடம் அது, கற்பிப்பவர்களுக்கே வார்டுப் பொறுப்பும் உண்டு. பாடம் நடத்தியவர்தான் அந்த நோயாளிக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த முறை மற்ற கல்லூரிகளுக்கும் வர வேண்டும் என்பதே என் ஆசை. அதுவரை, ஆள் பற்றாக்குறையில் எதைச் சுருக்கலாம், கை கழுவுவதைப்போல எதைச் சுருக்கவே கூடாது என்று வார்டில் நின்று பிரித்துக் காட்டவாவது ஓர் ஆசிரியர் வேண்டும்.

பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. அந்தப் பத்துப் பேரையும் மூன்று நான்கு வார்டுகளில் சிதறவிட்டு, அவரை ரெக்கார்ட் நோட்டு திருத்த உட்காரவைத்தால் எந்தக் கட்டிலருகே அவர் நிற்பார்? கல்லூரி முதல்வர்களே, எத்தனை ரெக்கார்ட் திருத்தினார் என்று கேட்கிற இடத்தில், இந்த வாரம் எந்த மாணவியோடு எந்த நோயாளியைப் பார்த்தார் என்றும் கேளுங்கள். பதிலை இறுதியாண்டு மாணவர்களிடமும் கேட்டுச் சரிபாருங்கள்.