டாப்டோன் 2006க்கு முன்பே இருந்தது
‘பாடகி ஏமி வைன்ஹவுஸின் பேக் டு பிளாக் ஆல்பம் ஹிட்டான காசில்தான் டாப்டோன் லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) தொடங்கினார்கள்’ என்று சொல்வது தலைகீழ். அந்த ஆல்பம் 2006. பேஸ் கிதார் வாசிக்கும் கேப்ரியல் ராத்தும் சாக்ஸபோன் கலைஞர் நீல் ஷுகர்மனும் டாப்டோனைத் தொடங்கியது 2001இல். அதற்கும் முன்பே ராத் டெஸ்கோ என்ற லேபிளை நடத்தி, அது மூடியும் ஆயிற்று. புரூக்ளின் புஷ்விக்கில் ஒரு பழைய வீட்டைத் தாங்களே ஸ்டுடியோவாக்கினார்கள். மின்சார வயரிங் வேலையில் பாடகி ஷாரன் ஜோன்ஸும் கைகொடுத்தார்.

அந்த ஸ்டுடியோவின் ஒலியைத் தேடித்தான் பேக் டு பிளாக் தயாரிப்பாளர்களில் ஒருவரான மார்க் ரான்சன் அங்கே வந்தார். அங்கே டேப்பில் டிராக்குகள் (தனித்தனியாக ஒலி பதியும் தடங்கள்) கொஞ்சம்தான். இப்படிப் பதியும்போது டிரம்பெட், சாக்ஸ் எல்லாம் ஒரே டிராக்கில் விழும். டிரம்பெட் தூக்கலாக இருந்தால் பிறகு தனியாகக் குறைக்க முடியாது; வாசிப்பவரை மைக்கிலிருந்து ஓரடி தள்ளி நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொல்ல வேண்டியதுதான்.