பார்க்கிறதுக்கும் கூலி உண்டு

வண்டியில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கத் தனியாகக் காசு கேட்டால் நம்ம குமரி மாவட்டத்தில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பெட்ரோல் பம்பை மாற்றினால் கேட்ட காசைக் கொடுப்பார்கள். பழைய பம்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டார்கள் அல்லவா. அரை நாள் தேடி, கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற, துருவேறிய ஒரு எர்த் வயரைச் சுரண்டி மாட்டிக் கொடுத்தால், "ஒரு போல்ட்டு தானே அண்ணே முறுக்குனீங்க, அதுக்கா இவ்வளவு?" என்று வரும். தக்கலை பக்கம் வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன் நான். இதை ஒரு தடவை விலாவாரியாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஸ்கேனர், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த எரர் கோடைப் படிக்கிற கருவி. அதை மாட்டினால் எந்தப் பாகம் போச்சு என்று திரையில் வந்துவிடும் என்று பாதிப் பேர் நம்புகிறார்கள். பி0171 என்று ஒரு எரர் கோட் உண்டு. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதுதான் அதற்கு அர்த்தம். ஏன் என்று அது சொல்லாது. இன்ஜினுக்குக் காற்று போகிற இன்டேக் ஹோஸில் விரிசல் இருக்கலாம், காற்றை அளக்கிற சென்சாரில் அழுக்கு இருக்கலாம், பம்பில் அழுத்தம் குறைந்திருக்கலாம். பல இடங்களில் செய்வது என்னவென்றால், பெட்ரோல் குறைவு என்று கம்ப்யூட்டருக்குத் தகவல் கொடுத்த ஆக்ஸிஜன் சென்சாரையே மாற்றிவிடுவது. புகார் கொடுத்தவனைப் பிடித்து உள்ளே போடுகிற வேலை இது.

அதே ஸ்கேனரில் லைவ் டேட்டா என்று ஒன்று இருக்கிறது. இன்ஜின் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது என்று அதில் தெரியும். ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, 20, 25 என்று நின்று, 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் கீழே இறங்கினால், எங்கேயோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து, லோடு ஏற ஏற சதவீதமும் ஏறினால் பம்பு, ஃபில்டர் பக்கம் போக வேண்டும். பார்க்க ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் காசு கேட்கிறோம் என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறவர்கள் குறைவு.

அப்புறம் நம்ம ஊர்க் கடல். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டினம், சின்னமுட்டம் என்று மீன் ஏற்றப் போகிற டெம்போக்களை ஒர்க்‌ஷாப்காரன் தூரத்தில் வரும்போதே மணத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவான். ஐஸ் உருகி, மீன் தண்ணீர் சேசிஸ் வழியாகச் சொட்டி, பின்பக்க வயரிங்கில் இறங்கும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகிறது என்பார்கள். அதற்குள் பல்பு மாற்றியாகிவிட்டது, சுவிட்சும் மாற்றியாகிவிட்டது. உண்மையில் பல்புக்கு வந்த கரண்ட் திரும்பிப் போக எர்த் கிடைக்காமல், பக்கத்து பல்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது.

இந்த வயரை வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேல் பிளாஸ்டிக் புதுசு போல இருக்கும். பிளேடால் கீறினால் உள்ளே செம்பு கறுத்துப் போய், பச்சைக் களிம்பு பூத்து, நகத்தால் தட்டினால் பொடியாக உதிரும். மல்டிமீட்டரில் கன்டின்யூட்டி (வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கிற சோதனை) வைத்தால் 'பீப்' என்று நல்ல பிள்ளையாகச் சத்தம் கொடுக்கும். மீட்டருக்கு ஒரு இழை போதும், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போதாது. ஆகவே லோடு கொடுத்துத்தான் அளக்க வேண்டும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, அதன் ஒரு முனை பேட்டரி மைனஸில், மறுமுனை இன்ஜின் பிளாக்கில், யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் நின்றால் சரி. ஒரு வோல்ட் காட்டினால் ஸ்டார்ட்டரைக் கழற்றாதீர்கள், எர்த் வயரைப் பாருங்கள். குலசேகரம், அருமனை ரப்பர் தோட்டப் பக்கத்து வண்டி என்றால் எலி கடித்ததா என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்களை அழவைப்பது எப்போதாவது வருகிற கோளாறுதான். மார்த்தாண்டம் நெரிசலில் வண்டி நின்றுபோகும். கட்டி இழுத்து ஒர்க்‌ஷாப் வருவதற்குள் இன்ஜின் ஆறிவிடும், சாவியைத் திருப்பினால் ஒரே அடியில் ஸ்டார்ட். ஓனருக்கு மானம் போகும். "இப்பதான் அண்ணே நின்னுச்சு, சத்தியமா!" சத்தியம் வேண்டாம், நம்புகிறோம். இன்ஜின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது கிராங்க் சென்சார். சூடானால் சிக்னலை நிறுத்தி, ஆறினால் மறுபடி கொடுக்கிற கிராங்க் சென்சார் இப்படித்தான் செய்யும். ஹேர் டிரையரால் அந்த சென்சாரைச் சூடாக்கி, சிக்னல் அறுந்துபோகிறதா என்று காத்திருக்க வேண்டும். பார்க்கிறவருக்கு நாங்கள் சும்மா நிற்பது போலத் தெரியும்.

பேட்டரி இறங்குகிற கேஸும் அப்படியே. வளைகுடாவில் இருப்பவர் லீவுக்கு வந்து பார்த்தால் வண்டி செத்துக் கிடக்கும். மாதக்கணக்கில் ஓடாத பேட்டரி இறங்குவது இயல்பு, அது கோளாறில்லை. ஆனால் ரெண்டு நாளில் இறங்கினால் எதுவோ கரண்டைத் தின்கிறது. பூட்டி வைத்து எல்லா கம்ப்யூட்டர்களும் தூங்கும் வரை அரை மணி நேரமாவது விட்டுத்தான் அளக்க முடியும். பெரும்பாலான வண்டிகளில் 50 மில்லிஆம்பியருக்குள் வர வேண்டும். நடுவில் யாராவது டோரைத் திறந்தால் எல்லாம் விழித்துக்கொள்ளும், மறுபடி முதலில் இருந்து. (திறப்பது பெரும்பாலும் ஓனர்தான்.)

தப்பு எங்கள் ஆட்களிடமும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. "மாத்திப் பாப்போம்" என்ற ஒற்றை வார்த்தையில் வாடிக்கையாளரின் பணத்தில் பரிசோதனை நடத்துகிற ஒர்க்‌ஷாப்கள் இருக்கின்றன. என்ன அளந்தீர்கள், என்ன காட்டியது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள். ஊகத்தில் மாற்றிய பாகத்தால் கோளாறு தீரவில்லை என்றால் அந்தப் பாகத்தின் விலை ஒர்க்‌ஷாப்காரன் தலையில்தான் விழ வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. செக் இன்ஜின் லைட் எரிந்தால் பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டாதீர்கள். கோளாறு வந்த நேரத்தில் என்ன வேகம், எவ்வளவு சூடு, எவ்வளவு லோடு என்று வண்டி பதிந்து வைத்ததும் அதோடு போய்விடும். "கிராங்க் சென்சார் மாத்துங்க" என்று மருந்தைச் சொல்லாமல், மழையிலா வெயிலிலா, ஏற்றத்திலா, பெட்ரோல் போட்ட பிறகா என்று நடந்ததைச் சொல்லுங்கள். வேறு இடத்தில் ஏற்கெனவே காட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். கோபப்பட மாட்டோம்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பார்க்கிற கூலி இனி தனி, வண்டியைத் தொடும் முன்பே சொல்லிவிடுவோம். எந்தப் பாகமும் மாற்ற வேண்டாம் என்று முடிந்தாலும் அது உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து, "நாளைக்குக் காலையில் கல்யாணம் இருக்கு அண்ணே" என்றால் மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பஸ்ஸில் போய்விட்டு வாருங்கள், திங்கட்கிழமை பார்ப்போம்.